பழியிலிருந்து பங்கேற்புக்கு: மதியிறுக்கக் குழந்தைகளுக்கான நடத்தைச் சிகிச்சையில் பெற்றோர் – கொங்கு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் என்று பரவலாக அறியப்படும் மதியிறுக்கம் உடைய குழந்தைகளுக்கான நடத்தைச் சிகிச்சையில் பெற்றோரின் இடம் கடந்த எண்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. தொடக்கத்தில் அவர்கள் குழந்தையின் நிலைக்குக் காரணமானவர்கள் எனப் பழிக்கப்பட்டனர். 1960களுக்குப் பின் உடன் சிகிச்சையாளர்களாக ஏற்கப்பட்டனர். இன்று வல்லுநர் பற்றாக்குறை உள்ள இடங்களில் சிகிச்சையின் பெரும்பகுதியைத் தாமே சுமக்கின்றனர். இம்மாற்றம் தமிழகத்திற்கு வந்த வழியையும், கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு வட்டாரத்தின் தொழில், குடும்பம், மொழி ஆகிய சூழல்களில் அது எதிர்கொள்ளும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெற்றோர் பங்கேற்பு என்பது அறிவைப் பகிர்ந்துகொள்வதா, உழைப்பைக் கைமாற்றிவிடுவதா என்பதே இதன் மைய வினா.

திறவுச் சொற்கள்: மதியிறுக்கம், நடத்தைச் சிகிச்சை, பெற்றோர் பங்கேற்பு, உடனிருப்பு, கொங்கு வட்டாரம், வேலூர்.

முன்னுரை

தமிழகத்து மருத்துவமனைகளில் நோயாளியோடு உறவினர் ஒருவர் உடனிருப்பது இயல்பான வழக்கம். உணவு கொண்டுவருவது, மருந்து வாங்குவது, இரவில் கட்டிலருகே படுத்திருப்பது என அவரது பணி நீளும். ஆயினும் சிகிச்சை என்னும் செயலில் அவருக்குப் பங்கு இருப்பதில்லை. மதியிறுக்கம் உடைய குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த எல்லைக்கோடு நிலைக்க முடியாது. அறுவைச் சிகிச்சையைப் போல ஓர் அறைக்குள் தொடங்கி அங்கேயே முடிவதன்று நடத்தைச் சிகிச்சை. பல் துலக்குவது, தட்டில் இட்டதை உண்பது, வேண்டியதைக் கேட்பது, பேருந்தில் அமர்ந்திருப்பது ஆகியவை குழந்தை கற்க வேண்டியவை. இவை நிகழும் இடங்கள் வீடும் தெருவும்.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். வாரத்திற்கு மூன்று அமர்வுகள், அமர்வு ஒன்றுக்கு 45 நிமிடங்கள் என்று கொண்டால், குழந்தை சிகிச்சையாளருடன் கழிக்கும் நேரம் 2 மணி 15 நிமிடம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் அக்குழந்தை விழித்திருப்பதாகக் கொண்டால் வாரத்திற்கு 84 மணி நேரம் ஆகிறது. சிகிச்சையாளர் வசம் இருப்பது அதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு. மீதி நேரத்தில் குழந்தை எதைக் கற்கிறது, எதை மறக்கிறது என்பதைத் தீர்மானிப்போர் பெற்றோரும் வீட்டாரும் ஆவர்.

இவ்வளவு வெளிப்படையான உண்மை மருத்துவ உலகில் ஏற்கப்பட இரண்டு தலைமுறைக் காலம் ஆனது. அத்தாமதத்தின் வரலாற்றை அறிந்தால்தான், இன்று கொங்கு வட்டாரத்தில் ஒரு தாயிடம் 'வீட்டிலும் பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்லப்படும்போது அச்சொல்லின் எடை புரியும். எனவே இக்கட்டுரை முதலில் மேலைநாட்டு வரலாற்றையும், அடுத்து வேலூர், சென்னை முதலிய இடங்களில் உருவான நடைமுறைகளையும், இறுதியாகக் கொங்கு வட்டாரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

பெயரும் பழியும்

'ஆட்டிசம்' என்னும் சொல் 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. சுவிட்சர்லாந்து உளமருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1910களில், உளச்சிதைவு நோயாளிகள் தம்முள் ஒடுங்குவதைக் குறிக்க இதனைப் பயன்படுத்தினார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இன்றைய பொருளில் இச்சொல்லை நிலைபெறச் செய்தது. தமிழில் மதியிறுக்கம் என்பது ஒரு வழக்கு. தமிழ்நாடு அரசின் ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்னும் தொடர் இடம்பெறுகிறது. பிளாய்லரின் பழைய பொருள் இத்தொடரில் இன்னும் தங்கியிருக்கிறது. குழந்தை புற உலகைப் பொருட்படுத்துவதில்லை என்று பெயரே சொல்லிவிட்டால், அக்குழந்தையை அங்ஙனம் ஆக்கியவர் யார் என்ற கேள்வி அடுத்து எழுவது எளிது.

அக்கேள்விக்கு விடையாகச் சுட்டப்பட்டோர் பெற்றோர். கானர் தம் முதல் கட்டுரையில் இந்நிலை பிறவியிலேயே அமைவது என்றே கருதினார். எனினும் அக்குழந்தைகளின் பெற்றோர் பலர் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்றும் குறித்தார். 1940களின் இறுதியில் அக்குறிப்பு அழுத்தம் பெற்றது. 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்னும் கொடிய அடைமொழி புழக்கத்திற்கு வந்தது. சிகாகோவில் உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்திவந்த புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-இல் வெளியிட்ட 'வெற்றுக் கோட்டை' என்னும் நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் பரப்பியது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே சிகிச்சையின் முதற்படி என்பது அப்பார்வையின் விளைவு.

இதனை எதிர்த்தவர்களில் முதன்மையானோர் பெற்றோரே. இங்கிலாந்தில் 1962-இல் பெற்றோர் ஒன்றுகூடித் தேசிய அளவில் ஒரு சங்கத்தை அமைத்தனர். அதில் முன்னின்ற லோர்னா விங் உளமருத்துவர். மதியிறுக்கம் உடைய மகளின் தாய். அமெரிக்காவில் அத்தகைய மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964-இல் எழுதிய நூல், மதியிறுக்கத்தின் அடிப்படை உடல்சார்ந்தது என்று வாதிட்டது. அடுத்த ஆண்டு அவரது முயற்சியில் அங்கும் ஒரு சங்கம் தோன்றியது. 1969-இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். கட்டுரையாளராக அவர் தொடங்கிவைத்த பழி, அவர் வாயாலேயே விலக்கப்பட 26 ஆண்டுகள் ஆயின.

உடன் சிகிச்சையாளர்

பழி நீங்கியதால் மட்டும் பெற்றோர் சிகிச்சைக்குள் வந்துவிடவில்லை. நடத்தைச் சிகிச்சை தன் சொந்த அனுபவத்தால் அவர்களைத் தேடிச் செல்ல நேர்ந்தது. இச்சிகிச்சையின் அடிப்படை எளிது. ஒரு நடத்தைக்கு முன் நிகழ்வது, அந்நடத்தை, அதற்குப் பின் விளைவது என்னும் மூன்றையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். விரும்பத்தக்க நடத்தையைத் தொடர்ந்து குழந்தைக்குப் பிடித்த ஒன்று கிடைத்தால் அந்நடத்தை வலுப்பெறும். கடினமான செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, முதலில் கைபிடித்து உதவி, பின் அவ்வுதவியைப் படிப்படியாகக் குறைத்துக் கற்பிக்க வேண்டும்.

1964-இல் வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. கண் அறுவைக்குப் பின் கண்ணாடி அணிய மறுத்த சிறுவன் ஒருவனுக்கு அவர்கள் மருத்துவமனையில் பயிற்சி அளித்தனர். கண்ணாடி அணியாவிட்டால் அவன் பார்வையை இழக்கும் நிலை இருந்தது. மருத்துவமனையில் கற்றது வீட்டில் நிலைக்க வேண்டும் என்பதால் பெற்றோரையும் அழைத்துக் கற்பித்தனர். அவன் வீடு திரும்பிய பின்னும் கண்ணாடி அணிந்துவந்தான்.

கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் குழுவினர் 1973-இல் வெளியிட்ட தொடராய்வு இதனினும் அழுத்தமான பாடம் தந்தது. தீவிரப் பயிற்சியால் முன்னேறிய குழந்தைகளுள், அரசுக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டோர் கற்றதை இழந்தனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பியோர் அதைத் தக்கவைத்தனர் அல்லது மேலும் வளர்த்துக்கொண்டனர். ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில், வேறு மனிதரிடம் பயன்படுத்துவது மதியிறுக்கம் உடைய குழந்தைகளுக்குத் தானாக வருவதில்லை. அப்பாலத்தைக் கட்டக்கூடியவர் பெற்றோர் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

வட கரோலினாவில் எரிக் ஷோப்லர் இதனை ஓர் அமைப்பாகவே வளர்த்தார். பெட்டல்ஹெய்மிடம் பயின்றவராயினும் அவர் ஆசிரியரின் கருத்துக்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். 1971-இல் ராபர்ட் ரைக்லருடன் இணைந்து எழுதிய கட்டுரையில் பெற்றோரை 'உடன் சிகிச்சையாளர்' என்று அழைத்தார். ஒருபுறம் மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னிருந்து பெற்றோர் சிகிச்சையாளரைக் கவனித்தனர். பின் அவர்கள் செய்வதைச் சிகிச்சையாளர் கவனித்தார். 1972-இல் இம்முறை மாநிலம் தழுவிய அரசுத் திட்டமாயிற்று. பெற்றோரின் பங்கேற்பு அங்கு அரசின் செலவைக் குறைக்கும் வழியாக அமையவில்லை; அரசு செலவிட்டு நடத்திய கல்வியாக அமைந்தது. தமிழகச் சூழலை மதிப்பிட இவ்வேறுபாடு முக்கியமானது.

தமிழகத்தின் உடனிருப்பு மரபு

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் எண்ணம் இந்தியாவிற்கு முழுக்க வெளியிலிருந்து வந்ததன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் ஈடுபடுத்தினார். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்க வேண்டும் என்பதை விதியாகவே கொண்டது. வழக்கமாக நிலவிய உடனிருப்பு அங்கு மருத்துவ முறையாக உயர்ந்தது. அம்மையத்தின் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான பிரிவு 'நம்பிக்கை நிலையம்' என்று அறியப்படுகிறது. அறிவுசார் குறைபாடும் மதியிறுக்கமும் உடைய குழந்தைகளோடு பெற்றோரும் உடனிருந்து பயிற்சி பெறுவது அங்கு நடைமுறை.

இந்நடைமுறை ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டது. பால் ரசல் குழுவினர் வேலூரில் நடத்திய ஆய்வு 1999-இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியானது. அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோர் 57 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். பத்து வாரங்கள் குழுவாகக் கூடிக் கலந்துரையாடிக் கற்ற பெற்றோரிடம், குழந்தையை வளர்ப்பது பற்றிய மனப்பாங்கு மேம்பட்டது தெரியவந்தது. இவ்வாய்வு மதியிறுக்கத்திற்கு மட்டும் உரியதன்று. எனினும் தமிழ்ப் பெற்றோரைக் குழுவாக அமரவைத்துக் கற்பிப்பதன் பயனை ஒப்பீட்டு முறையில் அளந்த முன்னோடி முயற்சி என்ற வகையில் இங்குக் குறிப்பிடத்தக்கது.

சென்னையில் வேறொரு மரபு வளர்ந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1953-இல் தொடங்கப்பட்ட பால விஹார், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய சென்னை வளர்ச்சித் திட்டமிடல் முறை, குழந்தையின் அன்றாடத் திறன்களை 18 பகுதிகளில், பகுதிக்கு 20 வீதம் 360 கூறுகளாகப் பிரித்தது. குழந்தைக்கு எது இயலாது என்பதைவிட, எது இயலும், அடுத்த படி எது என்று பார்க்க இம்முறை ஆசிரியரைப் பழக்கியது. சட்டை பொத்தானைப் போடுவதும் குவளையில் நீர் அருந்துவதும் பாடங்களாயின. இவை தாய் அறிந்த செயல்கள் என்பதால், கல்வியின் மொழி அவளுக்கு எட்டியது. 1989-இல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம் 'உபநயன்' என்னும் இளம்பருவப் பயிற்சித் திட்டத்தின் வழி, குழந்தையோடு தாயையும் வகுப்பறைக்குள் அமரவைத்தது.

நாட்டளவிலும் இதற்கு இணையான முயற்சிகள் நிகழ்ந்தன. செகந்திராபாத்தில் 1984-இல் நிறுவப்பட்ட மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம், நடத்தைச் சிக்கல்களைக் கையாள்வது குறித்துப் பெற்றோருக்கெனவே கையேடுகளை வெளியிட்டது. தில்லியில் மதியிறுக்கம் உடைய மகனின் தாயான மெர்ரி பரூவா 1991-இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு, பெற்றோரும் குழந்தையும் இணைந்து பன்னிரண்டு வாரங்கள் பயிலும் திட்டத்தை நடத்திவருகிறது. தமிழில் இவ்வறிவைப் பரப்பியதிலும் பெற்றோருக்குப் பங்குண்டு. மதியிறுக்கம் உடைய மகனின் தந்தையான எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்னும் நூல், ஆங்கிலம் அறியாத பெற்றோர்க்கும் இத்துறையைத் திறந்துவிட்டது.

சட்டத்தின் தாமதம்

சிகிச்சை நடைமுறையைவிடச் சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் மதியிறுக்கம் இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதனைப் பெயர் சுட்டி ஏற்றது. 18 வயதைக் கடந்தோருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிற்கும் அச்சட்டம் வழிவகுத்தது. அதன்கீழ் அமைந்த நிராமயா காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவுகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஈடு தருகிறது. 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக மதியிறுக்கத்தைச் சேர்த்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ இதற்குத் தனிக் கட்டம் இருக்கவில்லை.

இவ்வரலாற்றின் விளைவு வெளிப்படை. சான்றிதழும் கணக்கும் இல்லாத காலத்தில் குழந்தையின் நிலையை அறிந்து, பெயர் தேடி, பயிற்சி தேடி அலைந்தவர்கள் பெற்றோர். அரசு அமைப்பு அவர்களைப் பின்தொடர்ந்தே வந்தது.

கொங்கு வட்டாரச் சூழல்

கொங்கு வட்டாரம் இவ்வரலாற்றிலிருந்து விலகி நின்றதன்று. கோயம்புத்தூர்–சென்னை இருப்புப்பாதையில் உள்ள காட்பாடி வேலூருக்கு வாயில். நீண்ட நாள் நோய்க்கு வேலூருக்குச் செல்வது மேற்கு மாவட்டக் குடும்பங்களுக்குப் பழகிய வழி. வட்டாரத்திற்குள்ளும் இதற்கான நிறுவன அடித்தளம் உண்டு. தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கி, பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிரியர் பயிற்சியை நெடுங்காலமாக நடத்திவருகிறது. 2005-இல் உருவான விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்விப் புலம் அவ்வளாகத்தில் அமைந்தது. அவராலேயே 1957-இல் தொடங்கப்பட்ட மனையியல் கல்லூரி, குழந்தை வளர்ப்பையும் குடும்ப வாழ்வையும் உயர்கல்விப் பாடமாக்கியது. வீட்டில் நிகழ்வது கற்கத்தக்க அறிவு என்னும் கருத்திற்கு இங்கு முன்பே இடமிருந்தது.

2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட அளவிலான இளம்பருவ இடையீட்டு மையத்திற்கு அனுப்ப வழிசெய்தது. கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இத்தகைய மையம் இயங்குகிறது. வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்கின்றனர். ஆனால் மையம் இருப்பதும் அங்குத் தொடர்ந்து வர இயல்வதும் ஒன்றல்ல. வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கோயம்புத்தூருக்கு வர, 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சிக்கு இறங்கி, அங்கிருந்து வேறு பேருந்து ஏற வேண்டும். 45 நிமிட அமர்வுக்காக ஒரு நாள் கூலி போகும்.

தொழிலமைப்பும் இங்குக் கருதத்தக்கது. 1888-இல் முதல் நூற்பாலை எழுந்ததும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயம்புத்தூரை ஆலை நகரமாக்கின. ஆலைச் சங்கின் ஒலியே பல தெருக்களுக்குக் கடிகாரமாயிருந்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கூலி 'ஷிப்ட்' கணக்கில் எண்ணப்படுகிறது. ஒன்றரை ஷிப்ட் என்பது 12 மணி நேர வேலை. வேலை தேடிப் பிற மாவட்டங்களிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் இணையருக்கு, உதவ மூத்தோர் அருகில் இல்லை. இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில் 'நாளுக்கு இரண்டு மணி நேரம் பயிற்சி' என்ற அறிவுரை, ஒருவர் வேலையை விட வேண்டும் என்றே பொருள்படும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார்.

சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிகள் வீட்டையொட்டிய கொட்டகைகளில் ஓடுகின்றன. மதியிறுக்கம் உடைய குழந்தைகள் பலர் ஒலியைத் தாங்க இயலாதவர்கள். குழந்தை ஏன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது என்பதற்கு நகரத்தின் அமைதியான சிகிச்சை அறையில் விடை கிடைக்காது. தறி எப்போது ஓடும், எப்போது நிற்கும், நின்றபின் குழந்தை எவ்வாறு மாறுகிறது என்பதைச் சொல்லக்கூடியவர் வீட்டார். நடத்தைச் சிகிச்சை தேடும் 'முன் நிகழ்வது' என்னும் சான்று அவர்களிடமே உள்ளது. இந்நிலையில் பெற்றோர் பயிற்சி பெறுபவர் மட்டுமல்லர்; தகவல் தரும் வல்லுநரும் ஆவர்.

மொழியிலும் இவ்வாறே. சிகிச்சைப் படஅட்டையில் 'பாட்டி', 'தாத்தா' என்று எழுதியிருக்கலாம். கொங்கு வீட்டில் தாயின் பெற்றோர் அம்மிச்சியும் அப்புச்சியும் ஆவர். அறையில் 'உட்கார்' என்று ஒரே வடிவில் கட்டளை கற்பிக்கப்படலாம். வீட்டிலோ 'உக்காருங்க சாமி', 'வாங்க கண்ணு' என்று குழந்தையிடமும் மரியாதை விகுதியோடு பேசுவது கொங்கு வழக்கு. ஒரு சொல்லை ஓர் இடத்தோடு இறுகப் பிணைத்துக்கொள்ளும் குழந்தைக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. அறையில் கற்ற சொல் வீட்டில் ஒலிக்காவிட்டால், கற்றதும் அறையோடு நின்றுவிடும். எந்தச் சொல்லைக் கற்பிப்பது என்பதைப் பெற்றோரைக் கேட்டே முடிவு செய்வது சிகிச்சையின் தேவை.

பழியின் மறுவரவு

பெற்றோர் வழியான சிகிச்சை தெற்காசியச் சூழலில் இயலக்கூடியது என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. முழுமையான மருத்துவப் பயிற்சி பெறாத பணியாளர்கள் ஆறு மாதங்களில் 12 அமர்வுகள் வழி பெற்றோரைப் பயிற்றினர். குழந்தையின் போக்கறிந்து பெற்றோர் ஈடுகொடுப்பது கூடியது; குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முற்படுவதும் கூடியது. ஆனால் இருவரும் ஒன்றில் கவனம் பகிர்ந்துகொள்ளும் நேரம் கூடவில்லை, குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சியும் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டதாக வகுக்கப்பட்டுள்ளது. இம்முயற்சிகளில் பெற்றோரைத் தேடி ஒருவர் வருகிறார்; செய்து காட்டுகிறார்; அவர்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துகிறார்.

இவ்வமைப்பு இல்லாமல் அதன் பெயர் மட்டும் வழங்கும்போது சிக்கல் எழுகிறது. அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து 'வீட்டில் செய்யுங்கள்' என்று அனுப்புவதும் பெற்றோர் பங்கேற்பு என்றே குறிக்கப்படுகிறது. குழந்தை முன்னேறாவிட்டால் 'வீட்டில் சரியாகச் செய்யவில்லை' என்பது எளிதில் கிடைக்கும் விளக்கம். 1950களில் தாய் அன்பு காட்டாததால் குழந்தைக்கு இந்நிலை வந்தது என்றனர். இன்று தாய் பயிற்சி தராததால் இந்நிலை நீடிக்கிறது என்கின்றனர். காரணம் என்னும் இடத்திலிருந்து குறை என்னும் இடத்திற்குப் பழி நகர்ந்துள்ளது. அதைச் சுமப்பவர் மாறவில்லை. 'வளர்ப்பு சரியில்லை' என்று உறவினர் கூடும் விசேஷங்களில் கேட்கும் சொல்லுக்கு, இவ்வாறு மருத்துவத்தின் ஒப்புதலும் சேர்ந்துவிடுகிறது.

மற்றொரு கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதன்று. நடத்தைச் சிகிச்சையின் தொடக்ககாலத்தில் லோவாஸ் உள்ளிட்டோர் அறைதல், மின்னதிர்ச்சி போன்ற தண்டனைகளைப் பயன்படுத்தினர். அவை பின்னர்க் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. தாமே மதியிறுக்கம் உடைய ஜிம் சின்கிளேர் 1993-இல் டொரண்டோ மாநாட்டில் பெற்றோரை நோக்கிப் பேசினார். பெற்றோர் துயருறுவது தாம் எதிர்பார்த்த குழந்தைக்காக. முன்னே நிற்கும் குழந்தைக்காக அவர்கள் துயருற வேண்டியதில்லை என்பது அவ்வுரையின் சாரம். கைகளை அசைப்பது போன்ற, யாருக்கும் தீங்கில்லாத செயலை அடக்குவது யாருக்காக என்று கேட்க அது வழிவகுத்தது. குழந்தை பிறருக்குச் சாதாரணமாகத் தோன்ற வேண்டும் என்பதைவிட, வேண்டியதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் அறிய வேண்டும் என்பதே ஏற்கத்தக்க இலக்கு. அவ்விலக்கைத் தேர்வதில் பெற்றோர் குழந்தையின் சார்பில் நிற்க வேண்டியவர்கள். சொன்னதைச் செய்யும் உதவியாளராக மட்டும் அவர்களைக் கருதினால் அப்பாதுகாப்பு இல்லாமற்போகும்.

தொகுப்புரை

மேற்கண்ட வரலாற்றில் பெற்றோர் பங்கேற்பு பயன் தந்த இடங்கள் அனைத்திலும் சில பொதுக்கூறுகள் தென்படுகின்றன. வேலூரிலும் தில்லியிலும் வட கரோலினாவிலும் பெற்றோரின் கல்விக்கெனத் தனி நேரமும் இடமும் ஒதுக்கப்பட்டன. செய்து காட்டல், செய்ய வைத்தல், திருத்துதல் என்னும் முறை பின்பற்றப்பட்டது. ஒரே நிலையிலுள்ள பெற்றோர் ஒருவரையொருவர் கண்டு பேச வாய்ப்பு இருந்தது. இவை இல்லாத இடத்தில் நிகழ்வது பங்கேற்பு அன்று, கைகழுவல்.

கொங்கு வட்டாரத்தைப் பொறுத்தவரை இதனோடு மூன்று தேவைகள் சேர்கின்றன. முதலாவது, பயிற்சிக் காலத்தில் இழக்கும் கூலிக்கும் பயணத்திற்கும் ஈடு. ஷிப்ட் கணக்கில் வாழும் குடும்பத்திற்கு இலவச சிகிச்சையும் செலவுடையதே. இரண்டாவது, தந்தையும் அம்மிச்சி, அப்புச்சி முதலிய மூத்தோரும் கற்கும் வகையில், ஆலை விடுமுறை நாள்களிலும் வீடுகளிலும் நிகழும் பயிற்சி. மூன்றாவது, வீட்டுப் பேச்சு வழக்கில் அமைந்த பாடப்பொருள்கள். சிறப்புக் கல்விப் புலமும் மனையியல் மரபும் அரசு மையமும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருப்பதால், இம்மூன்றையும் இணைத்து முயல்வதற்கான அடித்தளம் கோயம்புத்தூரில் உள்ளது.

குழந்தைக்கு இந்நிலை யாரால் வந்தது என்று கேட்டு மருத்துவ உலகம் ஒரு தலைமுறைக் காலத்தை வீணாக்கியது. குழந்தை முன்னேறாதது யாரால் என்று கேட்டு மேலும் ஒரு தலைமுறையை இழக்க வேண்டியதில்லை. பெற்றோரிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதோடு, அதற்கென அவர்களுக்கு எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும்போதே பெற்றோர் பங்கேற்பு என்னும் தொடர் தன் பொருளைப் பெறும்.